கேட்காமல் கிடைத்த சலுகை

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. பள்ளி முடிந்து நகரப் பேருந்தில் திருவரங்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். கொள்ளிடக் கரையை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். என் ஏழாம் வகுப்பு மாணவர்கள் சிலரும் அதே பேருந்தில் வருவார்கள். அவர்களில் ஒருவன் அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தான். கடைகள் இருக்கும் சாலை நிறுத்தத்தில் அவன் இறங்கத் தயாரானபோது, "மழை விடலையேப்பா, கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கக் கூடாதா?" என்றேன். "இங்கதான் டீச்சர் வீடு" என்றான். நடத்துநர் சிரித்துக்கொண்டே, "இல்ல டீச்சர், அவன் வீடு அடுத்த ஸ்டாப்பு. காலனிப் பையன். தினமும் இங்கயே இறங்கி நடந்து போவான்" என்றார். பேருந்தில் இருந்த மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஜூன் மாதம் வகுப்பின் முதல் நாள் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதிய மாணவர்களை எழுப்பி, பெயர் கேட்டு, பிறகு வழக்கம்போல "எந்த ஊருப்பா? எந்தத் தெரு?" என்று கேட்டேன். மற்றவர்கள் உடனே சொன்னார்கள். இவன் சற்று நின்று, "மெயின் ரோடு, டீச்சர்" என்றான். பதில் தெளிவாக இல்லையே என்றுகூட நான் யோசிக்கவில்லை. இருபது ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வி அது. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் நான் மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன். திருவரங்கத்தில் உத்திர வீதியை ஒட்டிய சந்தில் வளர்ந்தவள் நான். என் தெருவின் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலரும். தெருப் பெயரைச் சொல்லவே ஒரு குழந்தை பயப்பட முடியும் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு குளிர்பானப் புட்டி வாங்கி வரச் செய்து, மூடியைத் திறக்காமல் என் கையில் கொடுத்தார். பேச்சின் நடுவே, முன்பு படித்த பள்ளியில் வேறொரு மாணவனின் தண்ணீர்ப் புட்டியில் குடித்ததற்காக நான்கைந்து பேர் சேர்ந்து இவனை அடித்ததையும், பள்ளியை மாற்றியதே அதனால்தான் என்பதையும் சொன்னார். "நான்தான் டீச்சர் ஒரு ஸ்டாப்பு முன்னாடியே இறங்கச் சொன்னேன். இங்கயாச்சும் தெரியாம இருக்கட்டும்னு" என்றார்.

பாதி வழி திரும்பிய பிறகுதான் அந்தக் குளிர்பானம் என்னை உறுத்தியது. எனக்குத் தேநீர் போட்டுத் தராமல் மூடி திறக்காத புட்டியை ஏன் தந்தார்? தன் வீட்டுத் தேநீரை நான் மறுத்துவிட்டால் அந்த அவமானம் மகனின் கண்முன் நடந்துவிடும் என்று அவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார். அவர் அவ்வளவு யோசித்திருக்கிறார். நானோ எதையும் யோசிக்காமல் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

சலுகை என்ற சொல்

நம் ஆசிரியர் அறைகளில் 'சலுகை' என்ற சொல் அடிக்கடி வரும். கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு, விடுதி என்று பேச்சு வந்தால் "அவங்களுக்கு எல்லாச் சலுகையும் இருக்கே" என்று யாராவது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லின் மறுபக்கத்தை எனக்குக் காட்டியது அமெரிக்காவைப் பற்றிய ஒரு வாசிப்பு.

2020 மே 25 அன்று மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு வெள்ளையினக் காவலர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் முழங்காலை அழுத்தியதால் அவர் இறந்தார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. நம் மாணவர்களும் கைப்பேசியில் பார்த்தார்கள். அதன்பின் உலகெங்கும் அடிபட்ட சொற்களில் ஒன்று 'வெள்ளையர் சலுகை'. அந்தச் சொல் பரவலாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1988இல் எழுதிய கட்டுரையில், வெள்ளையராகப் பிறந்ததால் மட்டுமே தனக்கு அன்றாடம் கிடைப்பவற்றை அவர் வரிசையாகப் பட்டியலிட்டார். கடைக்குள் போனால் திருட வந்தவராக நினைத்து யாரும் பின்தொடர்வதில்லை. காயத்துக்கு ஒட்டும் பட்டை தன் தோலின் நிறத்திலேயே கிடைக்கிறது. இப்படி எல்லாமே சின்னச் சின்னச் செய்திகள். அவற்றை, முதுகில் இருப்பதே தெரியாமல் சுமந்து செல்லும் பைக்கு ஒப்பிட்டார். வழியில் தேவைப்படும் எல்லாம் அந்தப் பையில் இருக்கும். அதை வைத்திருப்பவருக்கு மட்டும் பை இருப்பது தெரியாது.

அவர் சொன்னதில் ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இனவெறி என்றால் கெட்டவர்கள் செய்யும் கெட்ட செயல் என்றே தனக்குக் கற்பிக்கப்பட்டது. தனக்குச் சாதகமாக இயங்கும் ஏற்பாட்டைப் பார்க்க யாரும் கற்பிக்கவில்லை என்றார். நமக்கும் அப்படித்தானே? "தீண்டாமை ஒரு பாவச் செயல்" என்ற வாசகத்தைப் பாடநூலில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். பாவம் செய்பவர் வேறு யாரோ என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

இனமும் சாதியும் ஒன்றல்ல. சாதிக்குத் தோல் நிறம் அடையாளமில்லை. அதனால்தான் நம் ஊரில் தெருப் பெயரைக் கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் இயங்கும் விதம் ஒன்றுபோல இருப்பதை மார்ட்டின் லூதர் கிங் உணர்ந்திருந்தார். 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் சென்றதையும், அங்கே தலைமை ஆசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்ததையும், 1965 ஜூலை 4 அன்று ஆற்றிய உரையில் அவர் நினைவுகூர்ந்தார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு யோசித்துப் பார்த்து ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டதாகவும் கூறினார்.

என் பட்டியல்

மெக்கின்டாஷைப் போல நானும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். என் சாதியின் பெயரை இங்கே எழுதவில்லை. பட்டியல் சாதியிலோ பழங்குடியிலோ பிறக்காத நம்மில் பெரும்பாலோருக்கு இதில் பாதியாவது பொருந்தும்.

வாடகைக்கு வீடு தேடியபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். என் பதில் கதவைத் திறந்தது.

பத்தாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்தேன். "விளையாட்டுப் புத்தி" என்றார்கள். "அவங்களுக்கெல்லாம் கணக்கு வராது" என்று யாரும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தபோது எந்த ஒதுக்கீட்டில் வந்தேன் என்று யாரும் கிசுகிசுக்கவில்லை.

பள்ளியில் படித்த பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கழிப்பறையைக் கழுவச் சொல்லி என்னை அனுப்பியதில்லை.

நான் பேசிய தமிழைக் கேட்டு எந்த ஆசிரியரும் சிரித்ததில்லை.

தோழி வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். எந்தக் குவளையில் தந்தார்கள் என்று கவனிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

இவற்றில் ஒன்றையும் நான் கேட்டு வாங்கவில்லை. எந்த அரசாணையும் எனக்கு இவற்றைத் தரவில்லை. விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை, கடைசித் தேதி இல்லை. கேட்காமலே கிடைத்த சலுகைகள் இவை. அந்த மாணவனுக்கு அரசு தருவதை மட்டும் 'சலுகை' என்று அழைத்துவந்தேன்; எனக்குக் கிடைத்ததற்குப் பெயரே வைக்கவில்லை.

இதைப் பேசும்போது நண்பர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டார்: "எங்க அப்பா சைக்கிள் கடையில வேலை பார்த்தார். நாங்க பட்ட கஷ்டம் கொஞ்சமா? எனக்கு என்ன சலுகை?" நியாயமான கேள்விதான். நான் படித்த காலத்தில் திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாகத் திருச்சிக்கு மிதிவண்டியில் போவேன். ஆடி மாதம் காலையில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சில் அடிக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதைப் பற்றிப் புலம்புவேன். மாலையில் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும். அதைப் பற்றி அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. காற்று அடித்ததே எனக்குத் தெரியாது. நானே நன்றாக மிதிப்பதாக நினைத்துக்கொண்டேன். மிதித்ததும் உண்மைதான். வறுமை, பெண் என்பதால் வந்த தடைகள், குடும்பச் சுமை எல்லாம் எனக்கும் இருந்தன. ஆனால் சாதி என்ற காற்று எனக்கு எதிராக அடிக்கவில்லை. அவ்வளவுதான் இதன் பொருள். உங்கள் உழைப்பைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை.

வரகனேரியில் ஒரு வீடு

நல்ல எண்ணம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு நம் திருச்சியிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

வரகனேரியில் வ.வே.சு. ஐயரின் நினைவு இல்லம் உள்ளது. 1881இல் அங்கே பிறந்தவர் அவர். லண்டனில் சட்டம் படிக்கச் சென்று விடுதலைப் புரட்சியாளர்களோடு சேர்ந்தார், புதுச்சேரியில் பத்தாண்டுகள் தலைமறைவு வாழ்க்கை வாழ்ந்தார், சிறை சென்றார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவராக நம் தமிழாசிரியர்கள் அவரை நன்கு அறிவார்கள். நாட்டுக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவர். அவரது நேர்மையை எதிரிகளும் ஐயப்படவில்லை.

அவர் 1920களில் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி தரும் பள்ளி என்பதால் காங்கிரசும் பொதுமக்களும் நன்கொடை தந்தார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து தங்கிப் படித்தனர். ஆனால் பிராமணச் சிறுவர்கள் இருவருக்கு மட்டும் தனியாக உணவு பரிமாறப்பட்டது. பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி அப்படிச் செய்யப்பட்டது. செய்தி வெளியே வந்ததும் தமிழகமே கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1925இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, தேசிய இயக்கத்தில் பங்கேற்கும் அமைப்புகள் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூன் மாதம், அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்த ஐயர் தாமும் உயிரிழந்தார்.

இதை ஒருவரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அவரைவிடத் தியாகம் செய்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. அத்தனை பெரிய மனிதருக்கும், இரண்டு தட்டு தனியாக வைப்பது ஒரு சிறிய விட்டுக்கொடுத்தலாகத் தெரிந்திருக்கிறது. "இரண்டு பேர்தானே" என்று நினைக்க அவரால் முடிந்தது. அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளின் கண்ணில் அது எப்படித் தெரிந்தது என்பதே கேள்வி. தனித்தட்டில் உண்ணும் இருவருக்கு அது வீட்டு வழக்கம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு, நீ தொட்டால் தீட்டு என்ற செய்தி நாள்தோறும் மூன்று வேளை சொல்லப்படுகிறது.

நூறு ஆண்டு ஆகிவிட்டது, அது பழங்கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் எதிர்த்தனர். 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது, நம் பக்கத்து மாவட்டமான கரூரில் ஒரு பள்ளியில் இதே காரணத்துக்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று பேச வேண்டியிருந்தது. தட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அரிவாளுக்கு முன்னால் நடப்பவை

2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும், தடுக்க வந்த அவருடைய தங்கையையும், உடன் படித்த மாணவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்கு முன்பே அந்த மாணவர் துன்புறுத்தலைத் தாங்க முடியாமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். காரணம் கேட்ட பள்ளியிடம் அவர் உண்மையைச் சொன்னதே தாக்குதலுக்குக் காரணமாயிற்று. கைகளில் பலத்த காயங்களோடு பல அறுவைச் சிகிச்சைகளைக் கடந்து, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவருடைய மனஉறுதியை நாம் எல்லோரும் பாராட்டினோம். ஆனால் ஒரு மாணவருக்கு அத்தனை மனஉறுதி தேவைப்படும்படி ஒரு வகுப்பறை இருந்ததே என்று நாம் வெட்கப்பட்டோமா?

வெட்டியவர்களும் மாணவர்கள்தான். யாரோ ஓர் ஆசிரியரின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரும் இருந்தது. அரிவாள் ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. அதற்கு முன் வண்ணக் கயிறு வருகிறது. அதற்கு முன் பட்டப்பெயர் வருகிறது. அதற்கும் முன், தன் கடையில் பொருள் வாங்கி வரவும், தன் பையைச் சுமக்கவும், தன் வீட்டுப்பாடத்தை எழுதித் தரவும் இன்னொரு மாணவன் கடமைப்பட்டவன் என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் தவறு என்று யாரும் சொல்லாதபோது, மற்றவன் மறுத்தால் அது 'திமிர்' ஆகிறது. கேட்காமல் கிடைத்ததைத் தன் உரிமை என்று நம்பி வளர்ந்த பிள்ளைக்குச் சமத்துவமே இழப்பாகத் தெரிகிறது. வன்முறை அங்கிருந்து தொடங்குகிறது.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், மாணவரை அகர வரிசைப்படி அமரவைத்தல் போன்றவற்றைப் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது மழையில் இறங்கிப் போன பையனைத்தான் நினைத்தேன். ஆவணத்திலிருந்து சொல்லை அரசு நீக்கலாம். பேருந்திலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் நாம்தான் நீக்க வேண்டும்.

வகுப்பறையில் நான் மாற்றிக்கொண்டவை

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மாற்றிக்கொண்ட சில பழக்கங்களை மட்டும் பகிர்கிறேன். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம்.

முதலாவது, முதல் நாள் கேள்வி. இப்போது தெருவைக் கேட்பதில்லை. "உனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஒண்ணு சொல்லு" என்று கேட்கிறேன். மீன் பிடிப்பேன், பூ கட்டுவேன், தம்பியைக் குளிப்பாட்டுவேன் என்று பதில் வருகிறது. முகவரி பதிவேட்டில் இருக்கிறது; தேவைப்பட்டால் நானே பார்த்துக்கொள்வேன்.

இரண்டாவது, உதவித்தொகை அறிவிப்பு. "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் சொல்லி வந்தேன். அதைவிட வேகமாக ஒரு குழந்தையின் சாதியை ஊருக்கு அறிவிக்க முடியாது. இப்போது ஒவ்வொருவராக அழைத்தோ பெற்றோரிடம் நேரடியாகவோ சொல்கிறேன். சற்று நேரம் கூடுதலாகிறது, அவ்வளவே.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, கரும்பலகை துடைப்பது, ஆசிரியர் அறைக்குத் தேநீர் கொண்டுவருவது என்று யாரை எதற்கு அனுப்புகிறேன் என்பதை ஒரு மாதம் குறித்து வைத்தேன். எழுதியதைப் படித்தபோது கூச்சமாக இருந்தது. தேநீர் கொண்டுவரச் சில பிள்ளைகளையும், பெருக்கச் சில பிள்ளைகளையும் என்னை அறியாமலே தேர்ந்தெடுத்திருந்தேன். இப்போது எல்லாம் அகர வரிசை. கழிப்பறைப் பணிக்கு எந்தக் குழந்தையையும் அனுப்புவதில்லை.

நான்காவது, உணவு. மதிய உணவு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்க்கிறேன். வாரம் ஒரு நாளாவது அவர்களோடு அமர்ந்து சத்துணவு சாப்பிடுகிறேன். சேர்ந்து சாப்பிடுங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட இது எளிது.

ஐந்தாவது, பாடம். அம்பேத்கரைச் சட்ட மேதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவதில்லை. சாக்குத் துணியை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று வகுப்பில் அதில் தனியாக அமர்ந்த சிறுவனாகவும், பள்ளி ஊழியர் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் குடிக்க முடிந்தவராகவும் அவர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பதைச் சொல்கிறேன். பிறகு, "அந்த வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்கள்?" என்று கேட்கிறேன். பாதிக்கப்பட்டவனை மட்டும் எல்லோரும் பார்த்துப் பழகிய கதையில், அந்தப் பெஞ்சின் பக்கம் பார்வை திரும்புகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தைக் கொண்டு பிரித்து, ஒரு பிரிவினரை உயர்ந்தவர்களாக நடத்திக் காட்டினார். புகழ்பெற்ற பயிற்சி அது. ஆனால் குழந்தைகளைப் புண்படுத்தியதாகக் கடும் விமர்சனமும் வந்தது. நம் வகுப்பறையில் சாதியை வைத்து அப்படி நடித்துக் காட்டும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே தினமும் அனுபவிக்கும் குழந்தைக்கு அதை மீண்டும் நடித்துக் காட்டத் தேவையில்லை. "உன் அனுபவத்தைச் சொல்லு" என்று அவனை வகுப்பின் முன் நிறுத்துவதும் கூடாது.

பக்கத்தில் நிற்பது

தாக்குதலோ இழிவுபடுத்தலோ நடந்துவிட்டால் நம்மில் பலர் முதலில் செய்வது சமாதானம். "ரெண்டு பேரும் கை குடுங்க" என்று முடித்துவிடுகிறோம். பள்ளியின் பெயர் வெளியே வரக் கூடாது என்ற கவலை. ஆனால் கை கொடுத்த பிறகு அந்த மாணவன் அதே வழியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே முதல் கேள்வி, "இன்று மாலை இவன் எப்படிப் பாதுகாப்பாக வீடு சேர்வான்?" என்பதாக இருக்க வேண்டும். நடந்ததைத் தேதியோடு எழுத்தில் பதிவு செய்து தலைமை ஆசிரியரிடம் தர வேண்டும். குற்றம் நடந்திருந்தால், பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 இருக்கிறது. அதைச் சமரசத்தால் மூடிமறைப்பது நம் வேலை இல்லை. 'மாணவர் மனசு' பெட்டி, 14417 உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண் ஆகியவற்றைச் சுவரில் ஒட்டியதோடு விடாமல் வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

1960 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் சேர்ந்தாள். வெளியே கூட்டம் கூச்சலிட்டது. வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டனர். அவளுக்குப் பாடம் நடத்த முன்வந்தவர் பார்பரா ஹென்றி என்ற வெள்ளையின ஆசிரியர் ஒருவரே. அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு மாணவிக்கு அவர் தினமும் வகுப்பு எடுத்தார். மேடையேறிப் பேசவில்லை, தம் அன்றாட வேலையைத்தான் செய்தார். எல்லோரும் விலகிய இடத்தில் விலகாமல் இருந்தார். கேட்காமல் கிடைத்த சலுகையை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் அது தரும் பாதுகாப்பைப் பிறருக்காகச் செலவிட முடியும். ஆசிரியர் அறையில் சாதிக் கிண்டல் எழும்போது நான் மறுத்துப் பேசினால் எனக்கு வரும் இழப்பு குறைவு. பாதிக்கப்படும் சமூகத்திலிருந்து வந்த சக ஆசிரியர் அதையே பேசினால் "இவங்க எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். அப்படியானால் முதலில் வாய் திறக்க வேண்டியது யார்?

அந்த மாணவன் நான்காம் நாள் பள்ளிக்கு வந்தான். அவனைத் தனியே அழைத்து, "பஸ்ஸில் நான் கேட்டது தப்புப்பா. மன்னிச்சுக்கோ" என்றேன். டீச்சர் மன்னிப்புக் கேட்டதில் அவனுக்குத்தான் சங்கடம். தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டான். நடத்துநரிடமும் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. "நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே டீச்சர்" என்று முதலில் திகைத்தார், பிறகு புரிந்துகொண்டார். பேருந்தில் திரும்பிப் பார்த்த பிள்ளைகளோடு பல வாரங்கள் பேச வேண்டியிருந்தது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா கடைக்கு ஆள் அனுப்பும் முன் நானே, "அக்கா, ஒரு டீ போடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவன் இப்போது எட்டாம் வகுப்பு. இன்றும் ஒரு நிறுத்தம் முன்பேதான் இறங்குகிறான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கு என்று நான் சொல்லவில்லை. பயமில்லாமல் அங்கே இறங்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்படி செய்ய வேண்டிய வேலை என்னுடையது. பேருந்தில் இருக்கும் மற்ற எல்லோருடையதும். வரும் ஜூனில் புதிய வகுப்புக்குள் நுழையும்போது, நாம் கேட்கும் முதல் கேள்வி எந்தக் குழந்தையைப் பொய் சொல்ல வைக்கிறது என்று ஒருமுறை யோசித்துவிட்டுக் கேட்போம்.